பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது? யார் சேர்ப்பது?



பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில், நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் வசூல் பேச்சு முடிந்ததும் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும். "பொண்ணு நல்ல மார்க்குதான் எடுத்திருக்கா அக்கா, ஆனா அடுத்து எதுல சேர்க்கிறதுன்னு தெரியல" என்பார் ஒருவர். "பையன் பாஸாயிட்டான், சும்மா ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான். எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்பார் இன்னொருவர்.

பன்னிரண்டு வருடம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். நடவுக்குப் போன கூலியில் நோட்டு வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால் பள்ளி முடிந்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய நமக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில் யார் முதலில் வீட்டுக்கு வந்து பேசுகிறார்களோ, அவர்கள் சொன்ன இடத்தில் பிள்ளை போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதலில் வருபவர் ஆசிரியராக இருந்தால் கல்லூரி. மில் புரோக்கராக இருந்தால் மில். மாப்பிள்ளை வீட்டாராக இருந்தால் கல்யாணம்.

ஆக, பிள்ளையை ஓர் இடத்தில் சேர்த்துவிடும் வேலையை யாரோ ஒருவர் எப்படியும் செய்துவிடுகிறார். அதைப் பள்ளியும் நாமும் சேர்ந்து, விவரம் தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சேர்த்துவிடும் பணி என்றால் என்ன?

ஆசிரியர் பயிற்சிக்குப் படிப்பவர்களுக்கு வழிகாட்டல், ஆலோசனை பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு பள்ளி மாணவர்களுக்குச் செய்ய வேண்டிய வழிகாட்டும் பணிகள் என்னென்ன என்று அதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில், பிள்ளையின் திறமை, விருப்பம், குடும்ப நிலை இவற்றை அறிந்துகொள்வது. இரண்டாவது, என்னென்ன படிப்பும் வேலையும் இருக்கின்றன என்று தகவல் சொல்வது. மூன்றாவது, உட்கார்ந்து பேசி ஆலோசனை கூறுவது. நான்காவது, பொருத்தமான இடத்தில் சேர்த்துவிடுவது. ஐந்தாவது, சேர்ந்த பிறகும் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கவனிப்பது.

நான்காவதாகச் சொன்ன சேர்த்துவிடும் பணியை ஆங்கிலத்தில் 'பிளேஸ்மென்ட்' என்பார்கள். கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுப்பதுதான் பிளேஸ்மென்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். 11-ம் வகுப்பில் எந்த குரூப்பில் உட்கார வைப்பது என்பதும் பிளேஸ்மென்ட். ஐ.டி.ஐ.யில் எந்தத் தொழில் பிரிவில் சேர்ப்பது, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த வேலை என்பதும் பிளேஸ்மென்ட்தான்.

நமக்குத் தெரிந்த மாதிரி சொல்வதானால் இது நாற்று நடுவது போல. நாற்றங்காலில் நாற்று எவ்வளவு பச்சைப் பசேலென்று வளர்ந்தாலும், வயது தப்பாமல் பறித்து வயலில் நட்டால்தான் நெல். நாற்று முற்றிவிட்டால் தூர் குறைந்துவிடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுக்கு எது, பள்ளத்துக்கு எது என்று பார்த்துத்தான் ரகம் போடுகிறோம். நட்ட பிறகும் தண்ணீர் கட்டி, களை எடுத்து, செத்த இடத்தில் மறு நாற்று வைக்கிறோம். பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு கவனிப்பு வேண்டும்.

இந்த யோசனை எப்போது வந்தது?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1908-ல் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டும் நிலையத்தை ஆரம்பித்தார். பள்ளியை விட்ட இளைஞர்கள் கண்ணில் பட்ட வேலையில் சேருவதும், பிடிக்காமல் விடுவதுமாகத் தடுமாறிய காலம் அது. அவர் சொன்னது மூன்று விஷயம். உன்னை நீ தெரிந்துகொள். வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள். இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய். இன்று வரைக்கும் வழிகாட்டல் வேலைக்கு இதுதான் அடிப்படை.

நம் நாட்டில் 1952-53-ல் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். பள்ளிகளில் வழிகாட்டும் பணி வேண்டும் என்று அந்தக் குழு அப்போதே பரிந்துரை செய்தது. 1964-66-ல் வந்த கோத்தாரி குழுவும் வழிகாட்டல் கல்வியின் ஓர் அங்கமாகவே இருக்க வேண்டும் என்றது. ஆனாலும் கிராமத்துப் பள்ளிகளில் பல காலம் இது ஏட்டோடு நின்றுவிட்டது. இருந்த சில ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தவே நேரம் போதவில்லை.

கும்பகோணத்துப் பிள்ளையின் கதை

திறமை மட்டும் இருந்தால் போதாதா, இடம் தானாகக் கிடைக்காதா என்று கேட்கலாம். நம்ம கும்பகோணத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை போய்விட்டது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி பெற முடியவில்லை. உலகமே வியந்த அந்தத் திறமை சில வருடம் வேலையும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் அலைந்தது.

அவரைக் காப்பாற்றியது சில மனிதர்கள். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்த வி. ராமசாமி ஐயர் அவருடைய நோட்டைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் செலவுக்குப் பணம் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரிகள் அவர் திறமையைப் புரிந்துகொண்டு ஊக்கம் கொடுத்தார்கள். 1913-ல் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார்.

ஒருவர் நோட்டைப் பார்த்தார், ஒருவர் சொல்லி அனுப்பினார், ஒருவர் செலவுக்குக் கொடுத்தார், ஒருவர் வேலையில் சேர்த்தார். நாலு பேர் செய்த இந்த வேலைதான் சேர்த்துவிடும் பணி. ராமானுஜனுக்கு அது அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம்.

முதல் இடம்: 11-ம் வகுப்பில் எந்த குரூப்?

முதல் நடவு 10-ம் வகுப்பு முடிந்ததும் நடக்கிறது. நம்மில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். "எந்த குரூப் குடுத்தாங்களோ அதுல சேர்ந்துட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே மாறினால் இரண்டு வருடம் கழித்து வழி அடைபட்டுப் போகும்.

நர்சிங் பட்டப்படிப்பு, மருத்துவம், கால்நடை மருத்துவம் இவற்றுக்கு உயிரியல் படித்திருக்க வேண்டும். இன்ஜினியரிங் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல். பேங்க், கணக்குப்பிள்ளை வேலை, சி.ஏ. என்று ஆசை இருந்தால் வணிகவியல் குரூப் கைகொடுக்கும். வேளாண்மை படிக்க அறிவியல் குரூப் உதவும், தொழிற்கல்வியில் வேளாண் பிரிவு படித்தவர்களுக்கும் வழி உண்டு.

மார்க் அதிகம் என்றால் சயின்ஸ், குறைவு என்றால் தொழிற்கல்வி என்று மார்க்கை மட்டும் வைத்துத் தள்ளுவது சரியில்லை. பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது, எதைச் செய்யச் சொன்னால் சாப்பாட்டை மறந்து செய்கிறது என்று பாருங்கள். கணக்கு ஆசிரியரிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் போய்க் கேளுங்கள். அந்த குரூப் பக்கத்து ஊர்ப் பள்ளியில்தான் இருக்கிறது என்றால் பஸ் எத்தனை மணிக்கு, திரும்பி வர இருட்டிவிடுமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பாதியில் நின்று போவதற்கு அதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது.

10-ம் வகுப்போடு தொழில் கற்க வேண்டும் என்றால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டும் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்பட்டு வருகிறது. பெண்கள் சேர உச்ச வயது வரம்பு இல்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்த 2022-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. ஐ.டி.ஐ. என்றால் ஆண் பிள்ளை படிப்பு என்ற எண்ணத்தை நாம் விட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அங்கிருந்து இன்ஜினியரிங்கும் போகலாம். வழி அடைபடுவதில்லை.

இரண்டாவது இடம்: பிளஸ் டூவுக்குப் பிறகு

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ம் தேதி 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டலுக்கு என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே வருடம் ஜூன் மாதம் 'கல்லூரிக் கனவு' என்ற நிகழ்ச்சி ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு என்ன படிப்பு, எங்கே, எவ்வளவு செலவு, என்ன உதவித்தொகை என்று நேரில் சொன்னார்கள். எங்கும் விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்க்க 2023-ல் 'உயர்வுக்குப் படி' வந்தது. 50 வருடத்துக்கும் மேலாக ஏட்டில் இருந்த சேர்த்துவிடும் பணி பள்ளிக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் ஒரு பள்ளியில் நூற்றுக்கும் மேல் பிள்ளைகள் முடிப்பார்கள். ஒரு ஆசிரியர் எல்லா வீட்டுக்கும் வர முடியாது. நாம்தான் போக வேண்டும். "சார், எங்க பிள்ளைக்கு என்ன யோசனை சொல்றீங்க?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் சொல்லாமல் அனுப்ப மாட்டார். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் 2018 முதல் இருக்கிறது. போன் செய்து படிப்பு பற்றிக் கேட்கலாம்.

நம் டெல்டாவிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரி 1854-ல் இருந்து நடக்கிறது. அங்கே மகளிருக்குத் தனிக் கல்லூரியும், கவின்கலைக் கல்லூரியும் உண்டு. தஞ்சாவூரில் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி. திருவாரூரில் திரு.வி.க. கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி கல்லூரி. ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். தஞ்சாவூரில் உணவு பதப்படுத்துதலுக்கு என்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. நெல் விளைகிற ஊரில் நெல்லை அரிசியாக்கி, அவலாக்கி, மாவாக்கி விற்கிற படிப்பும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அண்மை ஆண்டுகளில் 50 ரூபாய்தான் வாங்கினார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய். கம்ப்யூட்டரில் பதிவு செய்யத் தெரியாவிட்டால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைக்கிறார்கள். ஒரு கல்லூரியை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். பஸ் வசதி உள்ள இரண்டு மூன்று கல்லூரியும், விருப்பமான இரண்டு மூன்று பாடமும் எழுதுங்கள். ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்று.

பணத்துக்கு என்ன செய்வது?

நம் ஊரில் ஜூன் மாதம் கஷ்டமான மாதம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு உழவு, விதைநெல், உரம் என்று கையில் இருப்பதெல்லாம் வயலுக்குப் போய்விடும். அதே மாதத்தில்தான் கல்லூரிப் பணமும் கட்ட வேண்டும். "இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த அடுத்த வருடம் பல பெண் பிள்ளைகளுக்கு வருவதே இல்லை.

இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

• 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆண் பிள்ளைகளுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது.

• அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இவற்றுக்கும் 7.5 சதவீதம் வந்தது.

• குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கித் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை கேட்கலாம்.

• கல்விக் கடன் வாங்கும்போது 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் வேண்டாம் என்பது வங்கிகளின் மாதிரி விதி. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

தொகையும் விதியும் வருடா வருடம் மாறக்கூடும். சேர்வதற்கு முன்பு தலைமையாசிரியரிடமோ கல்லூரி அலுவலகத்திலோ இந்த வருட விவரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயர் இருக்கிறது. மயிலாடுதுறை பக்கம் மூவலூரில் வளர்ந்தவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அவர் பெயரில் முதலில் இருந்தது ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் வாங்க நாமே எத்தனை பேர் மனு எழுதியிருப்போம்! 2022-ல் அதைத்தான் படிப்புக்கு என்று மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வந்த பணம் படிப்புக்கு வருகிறது. நம் வீட்டு யோசனையும் அதே மாதிரி மாற வேண்டும்.

மூன்றாவது இடம்: வேலை

எல்லாப் பிள்ளைக்கும் உடனே மேலே படிக்க முடியாது. அப்பா இல்லாத வீடு இருக்கிறது, நோயாளி இருக்கிற வீடு இருக்கிறது. வேலைக்குப் போவதில் வெட்கம் இல்லை. எந்த வேலை, யார் மூலமாக என்பதுதான் கேள்வி.

10-ம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட் தரும் நாட்களில் வேலைவாய்ப்புப் பதிவைப் பள்ளியிலேயே செய்து கொடுப்பார்கள். தவறவிடாதீர்கள். பதிவை 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிந்துவிட்டு வேலை வரும் என்று வீட்டில் உட்கார்ந்தால் வராது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள், தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். தேதி கேட்டு அனுப்புங்கள். கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் மத்திய அரசின் திட்டம் 2014-ல் வந்தது. தமிழ்நாட்டில் அது நம் மகளிர் திட்ட அலுவலகம் வழியாகவே நடந்து வந்திருக்கிறது. வட்டார அளவில் விசாரித்தால் இப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று சொல்வார்கள்.

இனி புரோக்கர் விஷயம். இதை மனதில் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

2000-க்குப் பிறகு வந்த வருடங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். "மூணு வருஷம் வேலை பார்த்தா மொத்தமாப் பணம் தருவாங்க அக்கா, கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்வார்கள். அதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வேறு. மூன்று வருடம் முடியும் முன்பே உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்காமல் போனது பற்றிப் பத்திரிகைகளும் தொண்டு நிறுவனங்களும் நிறைய எழுதின. வெளியே போக முடியாது, வீட்டுக்குப் பேச முடியாது என்ற நிலையும் பல இடங்களில் இருந்தது. எல்லா மில்லும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு இதே பேச்சு எப்போது வேண்டுமானாலும் வாசலுக்கு வரலாம்.

யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் இந்த எட்டுக் கேள்வியைக் கேளுங்கள்.

1. கம்பெனி பெயர், முழு விலாசம் என்ன? நாங்கள் ஒரு தடவை நேரில் வந்து பார்க்கலாமா?
2. நியமனக் கடிதம் எழுத்தில் தருவீர்களா?
3. சம்பளம் மாதா மாதம் பிள்ளையின் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் வருமா?
4. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? நம்பர் தருவார்களா?
5. எத்தனை மணி நேர வேலை? ஓவர்டைம் செய்தால் தனிக் கூலி உண்டா?
6. ஹாஸ்டலில் இருந்து தினமும் வீட்டுக்குப் போன் பேசலாமா? பண்டிகைக்கு வரலாமா?
7. பிடிக்கவில்லை என்றால் செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வரலாமா?
8. பெண்கள் புகார் சொல்ல உள்ளே கமிட்டி இருக்கிறதா?

"அதெல்லாம் எதுக்கு அக்கா, என்ன நம்ப மாட்டீங்களா?" என்று பதில் வந்தால் அங்கே அனுப்ப வேண்டாம். அசல் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். முன்பணம் வாங்காதீர்கள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே தடை செய்துவிட்டது. 14 வயதுக்குள் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதும், 18-க்குள் ஆபத்தான வேலையில் வைப்பதும் குற்றம். சந்தேகம் வந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று ஏஜென்ட் வந்தாலும் இதே கேள்விதான். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பாருங்கள். அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. லட்சக் கணக்கில் கேட்டால் நகையை அடகு வைக்கும் முன் யோசியுங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகவே கூடாது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

பெயிலான பிள்ளைக்கு?

ரிசல்ட் அன்று எல்லோரும் பாஸான வீட்டுக்குப் போகிறோம். பெயிலான வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். துணைத் தேர்வு அடுத்து சில வாரத்திலேயே வருகிறது. அதில் தேறி அதே வருடம் கல்லூரியில் சேரலாம். பிள்ளை யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் தனியே விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்கள் உண்டு. பிள்ளையைக் கூட உட்கார வைத்துப் பேசுங்கள்.

சேர்த்தாச்சு, வேலை முடிந்ததா?

முடியவில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் கல்லூரியில் ஆங்கிலம் பயமுறுத்தும். காலை பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காது. "எனக்கு வேணாம்மா, நான் வீட்டுலயே இருக்கேன்" என்று தீபாவளிக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகாமல் நின்றுவிடும். அப்போது அம்மா ஒரு வார்த்தை, ஆசிரியர் ஒரு வார்த்தை, அதே கல்லூரியில் படிக்கும் நம் ஊர் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலைக்குப் போன பிள்ளைக்கும் அப்படித்தான். முதல் சம்பளம் கணக்கில் வந்ததா என்று மாதக் கடைசியில் கேளுங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அதில் பாதிப் பேர் பெண்கள். பல ஊரில் நம் குழு உறுப்பினர்களே அதில் இருக்கிறார்கள். கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசுவது போல, "போன வருஷம் முடிச்ச பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பள்ளியையும் நம்மையும் வேலை செய்ய வைக்கும்.

வருடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஜனவரி, பிப்ரவரி: சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். மே மாதம் போனால் கூட்டம் தாங்காது. ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பெயரில் பேங்க் கணக்கு ஆரம்பியுங்கள்.

ஏப்ரல்: வழிகாட்டி ஆசிரியரைக் குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் என்ன ஆசைப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

மே: ரிசல்ட் வந்த வாரமே விண்ணப்பம். தெரிந்த பெண் ஒருத்தி நாலு பேருக்குச் சேர்த்துப் பதிவு செய்து கொடுக்கலாம்.

ஜூன்: கல்லூரிப் பணத்துக்குக் குழுவின் உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள். உழவுச் செலவுக்குக் கொடுக்கிற கடனில் ஒரு பங்கைப் படிப்புக்கு என்று ஒதுக்கித் தீர்மானம் எழுதுங்கள்.

செப்டம்பர், டிசம்பர்: சேர்ந்த பிள்ளைகள் போகிறார்களா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

இதற்கு ஒரு 40 பக்க நோட்டுப் போதும். குழுவில் யார் வீட்டில் 10-ம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறது, என்ன விருப்பம், எங்கே விண்ணப்பம் போட்டது, எங்கே சேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். வசூல் நோட்டில் ஒரு பைசா விடாமல் கணக்கு வைக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு வைப்போம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளும் கேட்கட்டும். நோட்டை ஆரம்பித்த குழுக்கள் எத்தனை பெயர் எழுதினோம் என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். பிளஸ் டூ முடித்து எங்கும் சேராமல் வீட்டில் இருக்கும் பிள்ளை ஒன்று இருந்தாலும் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். அந்த வீட்டுக்கு நாம் சேர்ந்து போவோம்.